மூன்றாம் ரீலும் நான்காம் ரீலும்: ஜெயிலர் சென்னியப்பன் நினைவாக

ஜெயிலர் சென்னியப்பன் காலமான செய்தி வந்தபோது நான் வாசலில் நின்று காஸ் சிலிண்டர்க்காரரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். அவிநாசியிலிருந்து அவருடைய மகள் சுமதி கூப்பிட்டாள். "அத்தை, அப்பா விடியக்காலத்துல போயிட்டாருங்க. சாயங்காலம் எடுக்கறதா இருக்கறோமுங்க" என்றாள். சிலிண்டரை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரம் கழித்துத்தான் மஞ்சூருக்குப் பேச வேண்டும் என்ற நினைப்பு வந்தது. அங்கே போஜன் என்ற தேயிலை விவசாயிக்கும் அவருடைய ஊர்க்காரர்களுக்கும் இந்தச் செய்தி உடனே போய்ச் சேர வேண்டியிருந்தது.

இது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சென்னியப்பன் அவர்களைத் தெரிந்தவர்களுக்கு நான் எழுதப்போவதில் பாதி தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பிற்பகுதியில் எங்கள் தேயிலை மலையில் ஒரு கிளைச்சிறைக்குப் பொறுப்பாக இருந்தார். எந்த ஊர்ச் சிறை என்று எழுதப்போவதில்லை. கதையில் வரும் மேலதிகாரியின் பெயரையும் எழுதப்போவதில்லை. சென்னியப்பன் அவர்களும் ஒருநாள்கூட அந்தப் பெயரைக் குறைசொல்லிப் பேசியதில்லை. அவருக்கு ஆட்கள் மேல் கோபம் வராது. வழக்கங்கள் மேல்தான் வரும்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த காலம், தேயிலை விலை விழுந்துகொண்டே போன காலம். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். காலையில் விவசாயிகள் மூட்டை மூட்டையாகப் பச்சை இலையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். "இன்னைக்கு இலை எடுக்க மாட்டாங்களாம்" என்று ஜன்னல் வழியே சொல்வது என் வேலையாக இருந்தது. அவர்கள் என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரம் கொட்டுவார்கள். எமரால்டு என்ற ஊர்ப் பக்கத்தில் சிலர் தேயிலையை அப்படியே விட்டுவிட்டு காரட் பயிரிட்டார்கள். இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளைத் தேடி மலையிறங்கினார்கள். போகாமல் நின்றவர்கள் விலை கேட்டுச் சாலையை மறித்தார்கள். போலீஸ் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. போஜனை வேனில் ஏற்றியதை நான் என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

எங்களுக்கு ஒரு சிறிய திரைப்படச் சங்கம் இருந்தது. பஜாரில் ஹமீது பாயின் குடைக்கடை மாடிதான் எங்கள் அரங்கம். புரொஜக்டர் அவருடையது, ஓட்டுகிறவரும் அவரே. ஊரில் எல்லா வியாபாரமும் படுத்துவிட்ட அந்த நாட்களில் குடைக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் தெம்பாக இருந்தார். மழைக்கு விலை விழவில்லை அல்லவா. நான் சங்கச் செயலாளர். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஆண்கள் அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஊரே சோர்ந்து கிடக்கிறதே, நகைச்சுவைப் படங்களாகப் போடுவோம் என்றார்கள் எல்லோரும். தெரிந்தவர்கள் சிறையில் இருக்கும்போது என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது, பழைய சிறைப் படங்களாகப் போடுவோம் என்றேன் நான். நான் பிடிவாதக்காரி என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதிகம் மல்லுக்கு நிற்கவில்லை. குடைக்கடை வாசலில் அறிவிப்பை ஒட்டினோம்.

மறுநாள் மாலை, காதைச் சுற்றி மப்ளர் கட்டிய ஒருவர் அந்த அறிவிப்பின் முன் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு மாடியேறி வந்து, "ஏனுங் அம்மிணி, ஜெயிலைப் பத்தி வாராவாரம் காட்டறதுக்கு என்னங்க இருக்குது?" என்று கேட்டார். வந்து பார்த்தால்தானே தெரியும் என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான். அவர் கோபிக்கவில்லை. தான் அங்கேதான் வேலை பார்ப்பதாகவும், வேலை முடிந்த பிறகும் அதையே பார்க்க வேண்டுமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். அதன்பிறகு ஒரு காட்சியைக்கூடத் தவறவிடவில்லை.

கடைசி வரிசையில், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு படம் பார்ப்பார். படம் முடிந்ததும் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து விவாதிப்பது வழக்கம். கருப்பு வெள்ளைக் காலத்துச் சிறைப் படங்களுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே இருக்கிறவன் பக்கம் நின்று, அவனும் மனிதன்தான் என்று அவை ஓயாமல் வாதாடும். கொடுமைக்கார ஜெயிலர் ஒருவர் இருப்பார். கலவரம் வரும். கடைசியில் நல்ல கண்காணிப்பாளர் ஒருவர் வந்து, அடிப்பதால் யாரும் திருந்துவதில்லை என்று பேசுவார். நம் ஊர்ப் படமென்றால் கதாநாயகன் கல் உடைத்தபடி பாடுவான். அவனுடைய நன்னடத்தையைப் பார்த்து ஜெயிலர் கண் கலங்குவார். எங்கள் கூட்டத்தில் ஆசிரியர்களும் வக்கீல்களும் இருந்தார்கள். கேமரா எங்கே நின்றது, நிழல் எப்படி விழுந்தது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். சென்னியப்பன் அவர்கள் ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தப் படங்களில் ஒரு குறை இருக்கிறது என்றார்.

"உள்ள இருக்கறவனைக் காட்டறாங்க. எங்களையும் காட்டறாங்க, கெட்டவனாவாச்சும். கேட்டுக்கு வெளியே நிக்கற சனத்தை எவனும் காட்டறதில்லீங்களே" என்றார்.

நாங்கள் பார்த்த படங்களை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு தாய் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழும் காட்சி இருந்தது. அந்தத் தாய் எந்த வண்டியில் வந்தாள், எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாள், பார்க்க முடியாமல் திரும்பிப் போன நாட்கள் உண்டா என்பதெல்லாம் எந்தப் படத்திலும் இல்லை. அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உணவில் உப்பு குறைவாக இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

கலவரக் காட்சிகளைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. படங்களில் கைதிகள் தட்டைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்கள். நிஜத்தில் அப்படிச் சத்தம் போடுகிறவரை பயமில்லை என்பார். சோறு போட்ட தட்டு, போட்டது போட்டபடி சத்தமில்லாமல் திரும்பி வரும் நாளில்தான் காவலுக்கு நிற்கும் வார்டர்கள் பயப்படுவார்களாம்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு ஒரு வெளிநாட்டுப் படம். பனி பெய்யும் ஊரில் ஒரு சிறை. குளிருக்கு அடுப்பு கேட்டுக் கைதிகள் கூரையில் ஏறிக்கொள்கிறார்கள். அதிகாரி ஒருவர் ஏணி வைத்து ஏறிப்போய் அவர்களோடு பேச, கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிகிறது. படம் நான்கு ரீலாக வந்திருந்தது. அனுப்பியவர்கள் டப்பாக்களுக்கு மூடியை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஹமீது பாய் மூடியில் இருந்த எண்ணை நம்பி ஓட்டினார். ஆக, இரண்டாம் ரீல் முடிந்ததும் நான்காம் ரீல் ஓடியது. அதிகாரி கையில் கட்டோடு வந்து, அடுப்பு தருவோம், இனி இப்படி நடக்காது என்று வாக்களித்தார். கைதிகள் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். அதற்குப் பிறகு மூன்றாம் ரீல் வந்தது. கட்டுப்போட்ட கை சட்டென்று ஆறியிருந்தது. கைதிகள் கூரையில் ஏறினார்கள், ஓடுகள் பறந்தன, ஒருவன் வழுக்கி விழுந்தான். அத்தோடு திரை வெளுத்துவிட்டது.

எல்லோரும் சிரித்துவிட்டோம். வாக்குக் கொடுத்த பிறகா கலவரம் செய்வார்கள், நன்றி கெட்டவர்கள் என்று ஒரு வக்கீல் கிண்டல் செய்தார். ஹமீது பாய்க்கு முகமே இல்லை. மன்னித்துவிடுங்கள், கடைசி இரண்டையும் வரிசையாக மறுபடி போடுகிறேன் என்று டப்பாவைத் திறக்கப் போனார்.

"வேண்டாமுங்க பாய். சரியாத்தான் போட்டிருக்கறீங்க" என்றார் சென்னியப்பன்.

அவர் எழுந்து நின்றிருந்தார். அப்போதுதான் அந்தப் பழைய கதை எங்களுக்குத் தெரிய வந்தது. இளைஞராகப் பணியில் சேர்ந்த புதிதில், சமவெளியில் ஒரு சிறையில் அவருக்கு வேலை. கோடைக்காலம். பொழுது இருக்கும்போதே கைதிகளை அறைக்குள் அடைத்துவிடுவார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர்கள் அந்நேரத்தில் அனலாகக் கொதிக்கும். கொஞ்ச நேரம் தாமதமாக அடையுங்கள், காற்று வந்த பிறகு அடையுங்கள் என்று கைதிகள் கேட்டார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். முற்றத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, செய்து தருகிறேன் என்று சொன்னார். கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். உத்தரவு வரவே இல்லை.

"தினமும் சாயங்காலம் அடைக்கறப்ப கேப்பாங்க, உத்தரவு வந்துச்சுங்களா அப்படீன்னு. நாளைக்கு வந்துருமுன்னு சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு. நாளைக்கு, நாளைக்குன்னு நாந்தானுங்க சொன்னேன். கேக்கறதுக்கு முன்னால அவங்ககிட்ட கோபம் இல்லீங்க. நான் நாளைக்குன்னு சொல்லச் சொல்லத்தான் அது வளந்துச்சு" என்றார்.

ஒருநாள் காலையில் தட்டுகள் திரும்பி வந்தன. மாலையில் ஆட்கள் கூரையில் இருந்தார்கள். ஒரு கைதி விழுந்து இறந்துபோனான். சென்னியப்பனோடு ஒரே அறையில் தங்கியிருந்த வார்டருக்கு ஒரு கண் போனது. விசாரணையில், காரணமில்லாத கலவரம் என்று எழுதி முடித்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் அவர் பொறுப்பிலிருந்த சிறையில் போஜனும் அவருடைய ஊர்க்காரர்களும் இருந்தார்கள். விலை கேட்டது குற்றமென்றால் உள்ளேயே இருக்கிறோம் என்று ஜாமீன் எடுக்க மறுத்துவிட்டார்கள். சிறிய சிறை, கொள்ளாத கூட்டம். அது பெரிய குறையாக யாருக்கும் படவில்லை. அவர்களை வதைத்தது வேறு. உள்ளே இருப்பவரைப் பார்க்க வருவதைச் சிறையில் மனு என்பார்கள். மனு நேரம் காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். மஞ்சூரிலிருந்து புறப்படும் காலை பஸ், தேயிலை விலை விழுந்த பிறகு ஏறுவதற்கு ஆளில்லை என்று நின்றுபோயிருந்தது. அடுத்த பஸ் வளைந்து வளைந்து வந்து சேரும்போது மதியம் தாண்டியிருக்கும். சிறை வாசல் மூடியிருக்கும்.

போஜனின் மனைவி மாதி கைக்குழந்தையோடு வருவாள். மூடிய கதவின் முன் கொஞ்ச நேரம் நிற்பாள். கொண்டுவந்த துணிப்பையை வார்டரிடம் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள். குழந்தை பிறந்தது அப்பன் உள்ளே போன பிறகு. அதன் முகத்தை போஜன் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் தொழிற்சாலைக்கு எதிரில்தான் பஸ் நிறுத்தம் என்பதால் அவள் வருவதையும் போவதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன், ஏன் இப்படி வீணாக அலைகிறாய் என்று. "வந்தேன்னு அவருக்குத் தெரியணுமில்ல" என்றாள்.

மனு நேரத்தை மாற்றக் கேட்டு சென்னியப்பன் அவர்கள் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. பிறகு மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். கைதிகள் அவரிடம் நேரிலேயே கேட்டார்கள். அவர் நல்ல மனிதர், நன்றாகப் பேசுகிறவர். மஞ்சூர் பஸ்ஸுக்குத் தக்கபடி நேரத்தை மாற்றித் தருகிறேன், சீக்கிரமே உத்தரவு வரும் என்றார். அன்று மாலை சென்னியப்பன் குடைக்கடை மாடிக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"கை தட்டீட்டாங்க அம்மிணி" என்றார். "பயமா இருக்குது."

நாட்கள் போயின. உத்தரவு வரவில்லை. கைதிகள் தினமும் கேட்டார்கள். இவர் நாளைக்கு என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. வரவில்லை, வந்தால் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். எங்களிடம் வந்து ஒரு விசித்திரமான உதவி கேட்டார். அந்த அதிகாரி மறுபடி மலைக்கு வருகிறார். அவரைச் சங்கத்துக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்து அந்தக் கூரைப் படத்தைப் போட வேண்டும், அதுவும் முன்பு தவறிப் போட்ட அதே வரிசையில்.

ஹமீது பாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார். இத்தனை வருஷம் புரொஜக்டர் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவை தெரியாமல் மாற்றிப் போட்டதற்கே எனக்குத் தூக்கமில்லை, தெரிந்தே போடச் சொல்கிறீர்களே, படம் எடுத்தவன் வயிறு எரியாதா என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சென்னியப்பன் அவரோடு வாதாடவில்லை. அடுத்த நாள் கடையைக் கொஞ்ச நேரம் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, தன்னோடு சிறை வாசல்வரை வரச் சொன்னார். பாய் போனார். அன்றைக்கு மாதி வந்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. பாய் திரும்பி வரும்போது அவர் கையில் கொண்டுபோன குடை இல்லை. மாடியேறி என்னிடம் வந்து, "அவர் சொல்ற மாதிரியே போட்டுத் தொலைக்கறேம்மா" என்றார்.

அதிகாரி வந்தார். அந்தப் படத்தைக் கல்லூரி நாட்களில் பார்த்ததாகவும், தான் இந்தத் துறைக்கு வந்ததற்கே அதில் வரும் நல்ல அதிகாரி ஒரு காரணம் என்றும் தொடக்க உரையில் சொன்னார். எனக்கு அவர்மேல் இரக்கமே வந்தது. படம் ஓடியது. நான்காம் ரீல் முந்திக்கொண்டு வந்தபோது அவர் நாற்காலியில் அசைந்தார். வாக்குறுதி வந்தது, தொப்பிகள் பறந்தன, பிறகு ஓடுகள் பறந்தன. விளக்கைப் போட்டதும், ரீல் மாறிவிட்டதே, யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

சென்னியப்பன் எழுந்தார். மேலதிகாரி முன் நிற்பதால் மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"படத்துல மாறுனா மறுபடியும் ஒழுங்காப் போட்டுக்கலாமுங்கய்யா. நம்ம ஜெயில்ல நீங்க நாலாவது ரீலைப் போட்டுட்டுப் போயிட்டீங்க. மூணாவது இனிமேத்தான் வருமுங்க."

அதிகாரியின் முகம் சிவந்தது. மிரட்டுகிறீர்களா என்று கேட்டார். இல்லீங்கய்யா, ஞாபகப்படுத்துகிறேன் என்றார் இவர். நாங்கள் போட்டு வைத்திருந்த டீயைக் குடிக்காமலேயே அதிகாரி இறங்கிப் போய்விட்டார். சினிமாவால் சீர்திருத்தம் வரும் என்று அந்த நிமிடம்வரை மனதுக்குள் நம்பிக்கொண்டிருந்தவள் நான். அழுகையாக வந்தது. சென்னியப்பன் அவர்களோ ஆறிக்கொண்டிருந்த டீயை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். அவரிடம் நேரில் சொல்லியிருந்தால் போதாதா, படம் எதற்கு என்று கேட்டேன். எழுத்தில் கேட்டாயிற்று, வாயால் கேட்டாயிற்று, இனி கேட்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்று தனக்கே தெரிய வேண்டியிருந்தது என்றார்.

அடுத்த மனு நாள் காலையில் தட்டுகள் திரும்பி வந்தன. கஞ்சி ஊற்றியது ஊற்றியபடி, சத்தமில்லாமல். வார்டர்கள் பயந்துபோனார்கள். போலீஸுக்குச் சொல்லலாம், போஜனையும் மற்றவர்களையும் சமவெளிச் சிறைக்கு ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார்கள். விதிப்படி அதுதான் சரி. அனுப்பியிருந்தால் மாதி அவரைப் பார்ப்பது அத்தோடு போயிருக்கும். சென்னியப்பன் மதியம் வாசலைப் பூட்டவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கைதிகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைமை வார்டர் வந்து, நேரமாச்சுங்க, பூட்டட்டுமா என்று கேட்டதற்கு, "பஸ் வரட்டும்" என்றார்.

அன்றைக்குப் பார்த்து பஸ் இன்னும் தாமதம். மூடுபனி கவிந்து எதிரிலிருந்த கடைகூடத் தெரியவில்லை. நான் அலுவலகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அங்கே போய் நின்றேன். என்னை உள்ளே கூப்பிடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கடைசியில் பஸ் வந்தது. மாதியும் மற்ற பெண்களும் வழக்கம்போல மூடிய கதவைப் பார்க்க நடந்து வந்தார்கள். கதவு திறந்திருந்தது. அவர்கள் தயங்கி நின்றுவிட்டார்கள். ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

"வாங்க, உள்ள வாங்க. பேரைச் சொல்லுங்க, கூப்படறேன்" என்றார் சென்னியப்பன், ஸ்டூலிலிருந்து எழுந்து.

உள்ளே நடந்ததை போஜன் பின்னால் சொல்லித் தெரியும். பட்டினியோடு உட்கார்ந்திருந்தவர்கள், பேச்சுவார்த்தைக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார்களாம். பேச யாரும் வரவில்லை. போஜனின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். போனால் கம்பிக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பு என்று மனைவியிடம் சண்டை போட்டாராம். அன்று மாலை எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு மனு நாளும் பஸ் வந்த பிறகுதான் வாசல் பூட்டப்பட்டது. உத்தரவில்லாமல் ஏன் செய்தாய் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. சட்டப் பிரிவெல்லாம் காட்டி நல்லதாக ஒரு பதில் எழுதித் தருகிறோம் என்று நானும் அந்த வக்கீலும் சொன்னோம். அவர் தானே எழுதிக்கொண்டார். "பஸ் தாமதமாக வருகிறது" என்ற ஒரே வரி. அந்த வரிக்காக அவருக்குத் தண்டனை கொடுத்து, சமவெளிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் மட்டும், "இனி ஜெயில் படம் போட்டீங்கன்னா, முடிஞ்ச பொறகு வெளிய நின்ன சனத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேசுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் சங்கம் இருந்தவரை நாங்கள் பேசினோம்.

அவருக்குப் பின் வந்தவர் பழைய நேரத்துக்கே பூட்டச் சொன்னார். தலைமை வார்டரே, பஸ் வரட்டுங்க என்றாராம். இன்றைக்கும் அந்தச் சிறையில் மனு நேரம் அப்படித்தான் நடக்கிறது. அதற்கான உத்தரவு இன்றுவரை வரவில்லை என்று கேள்வி.

ஓய்வுபெற்ற பின் அவிநாசியில் இருந்தார். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். டிவியில் எங்கேயாவது சிறைக் காட்சி வந்தால் அன்றைக்குக் கட்டாயம் அழைப்பு வரும். பூட்டைத் தப்பாகப் பிடித்திருக்கிறான், கம்பளியைத் தப்பாக மடித்திருக்கிறான் என்று ஒரு பாட்டம் குறை சொல்லித் தீர்ப்பார். மனைவி இறந்த பிறகு பேச்சு குறைந்துபோனது. போன மாதம் பேசியபோது தேயிலை விலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்றால் என்ன, எடுக்கிறார்களா, சாலையில் கொட்டுகிறார்களா என்று விடாமல் கேட்டார்.

நான் அவிநாசி போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்களும் பழைய வார்டர்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சூர்க்காரர்கள் பஸ்ஸில் புறப்பட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. பொழுது சாய்ந்தது. பங்காளி வீட்டுப் பெரியவர்கள், இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும், நேரம் தப்பக்கூடாது என்று அவசரப்படுத்தினார்கள். தூக்குகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் முறைதான். நான் வெளியூர்க்காரி, என்ன சொல்லித் தடுக்க முடியும்?

சுமதி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பஸ் வரட்டுமுங்க."

பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நகரவில்லை. பழைய வார்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். தூக்க வந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிறகுதான் மஞ்சூர்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். போஜன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதியோடும் வளர்ந்துவிட்ட மகளோடும் உள்ளே போனார். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. வேண்டுமட்டும் பார்த்தார்கள். அதன்பிறகுதான் சென்னியப்பன் அவர்களை எடுத்தார்கள்.

எல்லோரும் வந்துவிட்டோம் சார். இனி நீங்கள் நிம்மதியாகப் போகலாம்.